பன்னிரண்டில் ஏழு

பிறைச் சந்தையில் கெம்போங் மீன் வந்த வெள்ளைப் பெட்டி.
மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவியும்
மீன் போகவில்லை.
மூடியில் ஓர் ஓட்டை, ஓட்டையில் இருபத்தைந்து வாட் பல்பு,
மூலையில் காது உடைந்த மங்கில் தண்ணீர்.
முப்பத்தேழரை டிகிரி.
மகனுக்குக் காய்ச்சல் அடித்தபோதுகூட
இத்தனை முறை தெர்மாமீட்டரைப் பார்த்ததில்லை.

முட்டை ஒன்று ஒரு வெள்ளி ஐம்பது காசு.
சுங்கை டுவாவிலிருந்து வரும் ஹஸ்னா
"சேவல் கூடவே திரியுது, நம்பி வாங்கு" என்றாள்.
பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி,
மறுபக்கம் வட்டம்.
காலையில் நான் புரட்டுவேன், பின்னேரம் மகன்.
நடுச்சாமத்தில் முகுந்தன்
பாதிக் கண்ணில் புரட்டிவிட்டு
"வட்டம்" என்று ஒரே ஒரு சொல் அனுப்புவார்.
பாலத்துக்கு அந்தப் பக்கம்
அதைப் படிக்க எனக்கு ஓய்வு மணி அடிக்க வேண்டும்.

பாயான் லெப்பாசில் எனக்கு
விரிசல் பார்க்கிற வேலை.
தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே.
நகத்தளவு சில்லில் மயிரிழைக் கீறல் இருந்தால்
தள்ளு.
பன்னிரண்டு மணி நேரம். வை, வை, தள்ளு.
விடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வந்து
சமையலறைச் சன்னலைக் கைலியால் மறைத்து
கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாய்த் தூக்கினேன்,
ஏழாம் நாள்.
மூன்று வெறும் மஞ்சள் நிலா.
மற்றதில் சிவப்பு நரம்பு, வேர் விட்ட மாதிரி.
ஒன்றில் ஒரு புள்ளி துடித்தது.
'சரி' என்று எழுத அங்கே பாரம் எதுவும் இல்லை.

பதினாறாம் நாள் மழை. இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை.
ஒன்பதையும் துண்டில் சுற்றி
வெந்நீர்ப் போத்தல்களுக்கு நடுவில் வைத்து
மேலே கவிழ்ந்து கிடந்தேன், அழுத்தாமல்.
முகுந்தன் கதவில் நின்று
"கொக்கரிக்கலையா?" என்றார்.
சிரித்தால் உடம்பு குலுங்கும்.
சிரிக்கவில்லை.

இருபத்தோராம் நாள் ஒன்றுமில்லை.
மறுநாள் ஓட்டுக்குள்ளிருந்து கீச்சு.
பிறகு, வட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு மயிரிழைக் கீறல்.
என் கை தானாக நீண்டது,
தள்ள.
பத்து வருசப் பழக்கம்.
இழுத்துக்கொண்டேன்.
உதவக் கூடாதாம், இரத்தம் வருமாம்.
நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.
அந்தக் கீறல் முட்டையை ஒரு சுற்றுச் சுற்றிவர
பதினோரு மணி நேரம் எடுத்தது.

இரண்டு ஓட்டுக்குள்ளேயே நின்றுவிட்டன.
கறிவேப்பிலைக்கு அடியில் புதைத்தேன்.
பன்னிரண்டில் ஏழு.
எங்கள் கம்பெனியில் இந்தக் கணக்குக்கு
மீட்டிங் போட்டு ஏசுவார்கள்.

பெயர் வைக்காதே என்று மகனிடம் சொல்லியிருந்தேன்.
வைக்கவில்லை, நம்பர் வைத்தான்.
அதில் நாலு சேவல்.
மூன்றாம் நம்பர் நாலரை மணிக்கே கூவியது.
பக்கத்து வீட்டு லாய் சுவரைத் தட்டினார்.
ஒரு வாரம் கழித்து
மிஞ்சிய சோற்றைக் கிண்ணத்தில் கொண்டுவந்து
வேலிக்கு மேலே நீட்டி
"எப்போ வெட்டு?" என்றார்.

ஐந்தாம் மாதம், ஓய்வு நாளில், கத்தி தீட்டினேன்.
சந்தையில் மூன்று வெள்ளிக்கு வெட்டித் தருவார்கள்.
ஆனால் விளக்கைப் பிடித்த கை இதுதான்.
மூன்றாம் நம்பரைத் தூக்கினேன்.
பெட்டிக்குள் நான் வைத்ததைவிடச் சூடு.
மிச்சச் சூட்டை அது தானே சம்பாதித்திருந்தது.
அதற்குமேல் இங்கே எழுத மாட்டேன்.

மிளகு தூக்கலாகப் பெரட்டல்.
எலும்பு கெட்டி, இறைச்சி பல்லிடம் வேலை கேட்டது.
மகன் தட்டைத் தள்ளி வைத்தான்.
ரொம்ப நேரம் பங்குக் கணக்குப் பாடம் செய்தான்.
பிறகு யாரையும் பார்க்காமல்
"தொடை இருக்கா?"

இன்று ஐந்தாம் நம்பர் முதல் முட்டை போட்டது.
சின்னது. ஓட்டில் ஒரு கோடு இரத்தம்.
அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
ஒரு பக்கம் அடுப்பையும்
ஒரு பக்கம் மீன் பெட்டியையும் பார்த்தபடி
மகன் கேட்கிறான்,
"பொரிக்கலாமாம்மா?"

எந்தப் பொரிப்பு என்று
நான் இன்னும் கேட்கவில்லை.